பிழைகள் மட்டும் என் சொந்தம்

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். எப்போது உங்கள் கைக்கு வரும் என்று தெரியாது. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து இந்தியாவுக்குத் தபால் கிடையாது. எழுதியதை மடித்து, என் வீட்டுக்காரரின் காலி மருந்துப் பெட்டி ஒன்றில் போட்டு வைக்கிறேன். யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஜப்பான்காரன் இந்த மலையில் ஒருவன்கூட இல்லை என்றேன். "காட்டிக் கொடுக்கத் தெரிஞ்ச தமிழன் இருக்கான்ல" என்றார். ஆனாலும் எழுதுகிறேன். மனசு பாரமாக இருக்கிறது, இறக்கி வைக்க இங்கே வேறு இடமில்லை.

இன்று காலை தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து மூன்று தாய்மார் வந்தார்கள். தானா ராத்தா டவுனில் இருக்கும் ஜப்பான் ஆபீசில் மறுபடியும் ஜப்பான் மொழிப் பரீட்சை வைக்கப் போகிறார்களாம். தேறினால் கணக்கெழுதும் கிராணி வேலை, கையில் ஒரு அடையாளச் சீட்டு. சீட்டு வைத்திருப்பவனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். சயாம் என்றால் உங்களுக்கு என்ன தெரிந்திருக்குமோ. அங்கே காட்டை வெட்டி ரயில் பாதை போட்டார்கள், இன்னும் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் என்று நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். அவரும் யாரோடும் பேசுவதில்லை.

"டிரெசரம்மா, போன வருசம் தேவசகாயத்துக்குச் சொல்லிக் கொடுத்தீங்கள்ல, அதே மாதிரி எங்க பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுங்க" என்றாள் ஒருத்தி.

தேவசகாயத்தின் பெயரை மட்டும்தான் சொன்னாள். கூடப் படித்த காதரின் பெயரைச் சொல்லவில்லை. காதர் ரிங்லெட்டில் லோரி ஏறி இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அது அவள் நினைவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவளுக்குத் தன் மகன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

2

நான் இங்கே டிரெசரம்மா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டி மருந்து கொடுப்பவருக்கு டிரெசர் என்று பெயர். அவர் பெண்டாட்டி என்பதால் எனக்கும் அதே பட்டம். மெட்ராஸில் நான் மிஸ் கிரேஸ். ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் டியூட்டராக இருந்தேன். கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பலேறியதோடு மிஸ் கிரேஸ் போய்விட்டாள்.

இப்போது எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். கடிகாரம் டோக்கியோ நேரத்தைக் காட்டுகிறது. அதனால் மணி பார்த்தால் விடிந்திருக்க வேண்டும், வெளியே பார்த்தால் கும்மிருட்டு. அந்த இருட்டிலேயே பெரட்டு. அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது. பழைய துரை காலத்திலும் பெரட்டு உண்டு. இப்போது அதோடு ஜப்பான் ராஜா இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடும் சேர்ந்திருக்கிறது. பனியில் நின்று குனிந்து நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. தேயிலையில் பாதி காடாகிவிட்டது, மீதியில்தான் கொழுந்து பறிக்கிறார்கள். காடானதை வெட்டி மரவள்ளி போட்டார்கள். இந்தக் குளிருக்கு அது விரல் தடிமனுக்கு மேல் பருப்பதில்லை. என் வீட்டுக்காரர் உப்புத் தண்ணீரால் எல்லா நோயையும் கழுவுகிறார். சாக்குத் துணியில் ரவிக்கை தைத்துப் போட்டால் எப்படி அரிக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

தேவசகாயமும் காதரும் சிங்கப்பூரில் கல்லூரிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தவர்கள். சண்டை வந்து கல்லூரியை மூடிவிட்டார்கள். தேவசகாயத்தின் தாய் அந்தோணியம்மா எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவன் உதவிப்பணத்தில் படிக்கப் போனவன். இந்த லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். காதரின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ரிங்லெட் டவுனில் சாப்பாட்டுக் கடை. இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். ஒருவன் வாயைத் திறக்கவே யோசிப்பான், மற்றவன் மூட யோசிப்பான்.

மலைக்குத் திரும்பி வந்த பிறகு இருவரும் என்னிடம் வந்தார்கள். "சண்டை முடிஞ்சு காலேஜ் திறந்தா நாங்க மறந்து போயிருப்போம் டீச்சர். வாரத்துக்கு ரெண்டு நாள் ஏதாச்சும் எழுதச் சொல்லித் திருத்திக் கொடுங்க" என்றான் காதர். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரே பட்டினி கிடக்கும்போது எனக்குக் கட்டுரை திருத்தக் கிடைத்த சந்தோஷம். ஆஸ்பத்திரியில் மருந்தறை காலியாகத்தான் கிடந்தது. அதில் வகுப்பு ஆரம்பித்தோம்.

3

கையில் இருந்தது ஒரே ஒரு சரித்திரப் புத்தகம். காதர் பெட்டியில் கொண்டு வந்தது. ஒரு ஊர் எதனால் வளர்கிறது என்று எழுதி வரச் சொன்னேன். இருவரும் கொண்டு வந்தார்கள். அருமையான கட்டுரை. இரண்டும் ஒரே கட்டுரை. புத்தகத்தில் இருப்பதை அரைப்புள்ளி மாறாமல் இருவரும் எடுத்து எழுதியிருந்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இதுல உங்களோடது எது?" என்று கேட்டேன்.

"கையெழுத்து, டீச்சர்" என்றான் காதர்.

தேவசகாயம் சிரிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. "நல்லா சொல்லியிருக்கிறவங்க சொல்லை நாம மாத்துறது மரியாதை இல்லைன்னு நினைச்சேன் டீச்சர். வேத வசனத்தை நாம மாத்தியா சொல்றோம்?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மெட்ராஸில் நான் வேலை பார்த்த இடத்திலும் அதுதான் நடந்தது. பேராசிரியை நின்று வாசிப்பார், பெண்கள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அப்படியே கக்கி வைப்பார்கள். யார் ஒரு சொல்லும் சிந்தாமல் கக்கினாளோ அவளுக்குப் பரிசு. ஒருத்தி தன் சொந்த யோசனையை எழுதிவிட்டு மார்க் குறைந்ததற்குக் காரணம் கேட்டு வந்தாள். "உன் அபிப்பிராயத்தை யார் கேட்டது?" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண் படியிறங்கிப் போன முகம் எனக்கு மறக்கவில்லை. கடல் தாண்டி வந்து ஒரு மருந்தறையில் அதற்கு வழக்காடிக்கொண்டு இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வசனம் சொன்னா எந்த ஆகமம், எந்த அதிகாரம்னு சேர்த்துச் சொல்றியே. இங்க ஏன் சொல்லலே?" என்று கேட்டேன். தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டான்.

புத்தகத்தைப் பார்த்து எழுதுவது அதோடு நின்றது. ஆனால் அடுத்த மாதம் வேறொன்று. கடையில் ஆளில்லை என்று காதர் எழுதாமல் வந்தான். ஆனால் கையில் கட்டுரை இருந்தது. தேவசகாயம் எழுதிக் கொடுத்திருந்தான். மறுபடியும் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை தேவசகாயம் நிமிர்ந்தே பேசினான்.

"எங்கம்மா பக்கத்து நிரைக்காரிக்கு முடியலேன்னா அவ கூடையில கொழுந்து போடுவாங்க. அப்ப எங்கம்மா செய்யிறது களவா டீச்சர்?"

இது உங்களுக்குத் தெரியாத விஷயம், சொல்கிறேன். இங்கே பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பார்கள். பிள்ளை பெற்று எழுந்தவள், காய்ச்சல்காரி யாராவது இருந்தால், கூடையைத் தராசுக்குக் கொண்டு போகுமுன் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு கைப்பிடி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். எடை குறைந்தால் அவளுக்கு அன்றைய பெயர் விழாது, கூலியும் கிடையாது. கேட்டுப் போடுவதில்லை, சொல்லிக் காட்டுவதும் இல்லை. போகிற போக்கில் நடக்கும். சண்டை வந்து எல்லாம் போயிற்று, இது மட்டும் போகவில்லை.

அந்தோணியம்மாவைக் களவாணி என்று சொல்ல என் நாக்கு வராது. இரண்டு நாள் யோசித்தேன். அடுத்த வகுப்பில் சொன்னேன். "அவ கூடையில கொழுந்து போடுறது எல்லாருக்கும் தெரியும். கங்காணிக்கும் தெரியும், பார்த்தும் பார்க்காம இருக்காரு. வாங்கினவ, 'நான் பறிச்சேன் பாரு'ன்னு யார்கிட்டயும் பெருமை அடிக்கிறதில்ல. நாளைக்கு இவளுக்கு முடியலேன்னா அவ போடுவா. அதுல ஏமாத்து இல்ல. நீங்களும் வாங்குங்க. புத்தகத்துல வாங்கு, அவன்கிட்ட வாங்கு. ஆனா வாங்கினேன்னு சொல்லு."

"எங்க கடையில மாதிரி" என்றான் காதர் உடனே. "குழம்பு தீந்துட்டா அத்தா பக்கத்துக் கடையில ஒரு சட்டி வாங்கிட்டு வரச் சொல்வாங்க. ஆனா சாப்பிடுற ஆள்கிட்ட இது அவங்க கடைக் குழம்புன்னு சொல்லித்தான் ஊத்தணும். ஒரு தடவை நான் சொல்லாம ஊத்திட்டேன். அந்த ஆள் நல்லாருக்குன்னு என்னைப் பாராட்டிட்டுப் போனாரு. அத்தா கரண்டியால அடிச்சாங்க."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கு அடியிலும் ஒரு வரி. எது யாரிடமிருந்து வந்தது என்று. தேவசகாயம் அதைச் சிலுவைக் குறி போடுகிற மாதிரி பக்தியாக எழுதுவான். காதருக்கு எதுவும் விளையாட்டு. ஒரு நாள் அவன் எழுதியிருந்தது இது: "முதல் பத்தி புத்தகத்திலிருந்து. இரண்டாம் பத்தி தேவசகாயம் நடந்து வரும்போது சொன்னது. பிழைகள் மட்டும் என் சொந்தம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

4

என் மகள் ரூத்தைப் பற்றியும் எழுத வேண்டும். வயது பன்னிரண்டு. உங்களில் பலர் அவளைப் பார்த்ததில்லை. இனிமேல் பார்த்தாலும் உங்களோடு என்ன மொழியில் பேசுவாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளையாட்டில் எண்ணும்போது ஜப்பான் மொழியில் எண்ணுகிறாள். கோபம் வந்தால் மலாயில் திட்டுகிறாள். ஜெபத்துக்கு மட்டும் தமிழ் வைத்திருக்கிறாள். பாத்திரம் விளக்கும்போது ஜப்பான் பட்டாளத்துப் பாட்டைப் பாடுகிறாள். குரல் நன்றாக இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசு கிடைத்தது. ஒரு துண்டு சோப்பு. சோப்பைப் பார்த்துச் சந்தோஷப்படாத ஆள் இப்போது மலாயாவில் கிடையாது. "என்ன எழுதினே?" என்று கேட்டேன். "போர்டுல வாத்தியார் எழுதிப் போட்டதம்மா. எல்லாரும் அதைத்தான் எழுதினோம். என் எழுத்து அழகுன்னு எனக்குக் குடுத்தாங்க. வேற எழுதினா அடி."

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல. அந்தச் சோப்பில்தான் குளித்தோம்.

மருந்தறையில் இரண்டு பையன்களோடு உட்காருவதற்குக்கூடச் சில மாதத்தில் எனக்கு அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. மூன்று பேர் சேர்ந்தால் கூட்டம். ஆபீசுக்கும் தோட்டத்துக்கும் மாற்றி மாற்றி நடந்தேன். ஒருவர் மற்றவரிடம் போகச் சொல்வார், மற்றவர் இன்றைக்கு முத்திரை இல்லை என்பார். சீட்டில் வருஷம் போடும் இடத்தில் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் என்று அவர்கள் கணக்கு. நான் பழக்கதோஷத்தில் நம் வருஷத்தை எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அத்தனை நேரம் நின்று கடைசியில் அனுமதி கிடைத்தது ஒரு விஷயத்துக்குத்தான். ஜப்பான் மொழி கற்றுக்கொடுக்கலாம், வேறெதுவும் கூடாது.

வாத்தியார்களுக்கு வைத்த ஜப்பான் மொழி வகுப்பில் நானும் தேறியிருந்தேன். அதனால் சரித்திரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். கட்டுரைக்கு அடியில் வரி எழுதும் பழக்கத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

5

போன வருஷப் பரீட்சை தானா ராத்தாவில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. திரிங்காப்பில் காய்கறி சேர்த்து லோரியில் அனுப்பும் இடத்துக்குக் கிராணிமார் வேண்டும் என்றார்கள். ஏழெட்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். தோட்டத்துப் பையன்கள் மட்டும் இல்லை, வேலையில்லாமல் திரிகிறவர்கள் என்று கடைப்பையன்களையும் சயாமுக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒவ்வொருவனுக்கும் அது பரீட்சையில்லை, உயிர். என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். ஜப்பான் அதிகாரி பக்கத்து அறையில் இருந்தார். அவர் தன் நாட்டில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

'என் ஊர்' என்று கட்டுரை. தேவசகாயம் தடதடவென்று எழுதினான். காதர் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். கடையில் நாள் முழுக்க நின்றவனுக்குப் படிக்க எங்கே நேரம். கொஞ்ச நேரத்தில் தேவசகாயம் முதலில் எழுதிப் பார்த்த காகிதம் மெல்ல நகர்ந்து காதரின் பக்கம் போனது. போகிற போக்கில், கூடையில் கொழுந்து விழுகிற மாதிரி. நான் பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கங்காணி பார்த்தும் பார்க்காமல் இருப்பார் என்று சொன்னவள் நான்தானே.

நேரம் முடிந்து காகிதங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். காதரின் காகிதத்தில் கட்டுரைக்கு அடியில் ஒரு வரி இருந்தது. ஜப்பான் எழுத்தில், தத்தக்க பித்தக்கவென்று. "முதல் பத்தியும் முடிவும் நண்பன் கொடுத்தவை. பிழைகள் மட்டும் என் சொந்தம்."

குனிந்து, "காதர், அதை அழி" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அழிடா. இது நம்ம மருந்தறை இல்ல."

ரப்பர் விளையும் நாட்டில் அழிக்கும் ரப்பர் கிடைக்காத காலம். என்னிடம் ஒரு சின்னத் துண்டு இருந்தது. அதை எடுத்து அவன் மேசையில் வைத்தேன். அவன் அதை ஒரு விரலால் என் பக்கமே தள்ளினான்.

"வேணாம் டீச்சர். மத்தவன் குழம்பை ஊத்திட்டுச் சும்மா இருந்தா எனக்குச் சோறு இறங்காது லா" என்றான். பயந்துதான் இருந்தான். உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் அந்த இடத்திலும் அவனுக்கு ஒரு சிரிப்பு வந்தது.

அதற்குள் அதிகாரியே அறைக்குள் வந்துவிட்டார். என் கையிலிருந்த காகிதங்களை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். காதருடையதை வாசித்துக்கொண்டு போனவர் கடைசி வரியில் நின்றார். சிரித்தார். சத்தமாக, நல்ல சிரிப்பு. ஒரு வாத்தியாரின் சிரிப்பு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு மலாயில், நண்பன் யார் என்று கேட்டார். காதர் வாயைத் திறக்கவில்லை. தேவசகாயம் தானாகவே எழுந்து நின்றான். அதிகாரி அவனிடம் போய்க் கன்னத்தில் பளாரென்று ஒரு அறை விட்டார். விட்டுவிட்டு, கட்டுரை நன்றாக இருக்கிறது, திரிங்காப்புக்கு வேலைக்கு வா என்றார்.

காதரின் தோளில் கை வைத்தார். "ஜூஜூர்" என்றார். மலாயில் நேர்மையானவன் என்று அர்த்தம். மற்றவர்களைப் பார்த்து இரண்டு மூன்று தடவை அதையே சொன்னார். சயாமுக்கு அடுத்த வாரம் போகும் கூட்டத்துக்கு ஆள்கணக்குப் பார்க்க ஒரு கிராணி வேண்டுமாம். போன கிராணிகள் எல்லாம் அரிசியைத் திருடுகிறார்களாம். இப்படி ஒரு நேர்மையான ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம்.

அவர் அதைத் தண்டனையாகச் சொல்லவில்லை. பரிசு கொடுப்பவர் முகத்தோடு சொன்னார். நான் எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியிலெல்லாம் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்துத் தலைகுனிந்து, நல்ல மாணவனை உருவாக்கியிருக்கிறீர்கள் என்று நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். "நேர்மை நல்ல மருந்துதான் கிரேஸ். எந்த உடம்புக்கு எவ்வளவு கொடுக்கணும்னு நமக்குத் தெரியல" என்றார். பிறகு ரூத் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காதரண்ணன் போர்டுல இருக்கிறதை எழுதியிருக்கலாம்லம்மா" என்றாள். அவளைத் திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது.

6

இன்று அந்தத் தாய்மார்களை அனுப்பிய பிறகு ரிங்லெட்டுக்குப் போனேன். திரிங்காப்பிலிருந்து இறங்கும் காய்கறி லோரியில் தேவசகாயம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன். அவன் இப்போது முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறான். எதற்குப் போகிறேன் என்று கேட்கவில்லை.

காதரின் அத்தாவைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் கடையில் இப்போது விற்பதற்கு என்ன இருக்கிறது. அவித்த மரவள்ளி, சர்க்கரை இல்லாத தேத்தண்ணி. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் பாய் தோளில் கிடந்த துணியால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சரம்மா. உட்காருங்க."

ஒரு வருஷமாக நான் இந்தக் கடைக்கு வரவில்லை. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார்.

"தம்பிகிட்டேருந்து ஏதாவது…" என்றேன்.

"இல்ல. ஒண்ணும் இல்ல." கிளாசை என் பக்கம் நகர்த்திவிட்டு, "தேவசகாயம் வாரம் ஒருவாட்டி வர்றான். வந்து கிளாஸ் எல்லாம் கழுவி வெச்சுட்டுப் போறான். கிராணி வேலை பாக்குற பையன், வேணாம்பா, விடுன்னா கேக்கிறதில்ல" என்றார்.

எனக்கு அது தெரியாது. லோரி அருகே நின்று எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டவன் அதைச் சொல்லவே இல்லை.

"பாய், மறுபடியும் பரீட்சை வைக்கிறாங்க. மூணு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேக்கிறாங்க" என்றேன்.

"சொல்லிக் குடுங்க. அதுக்கு என்னா. பிள்ளைங்க பொழைக்கணும்ல."

"மொழி சொல்லிக் கொடுத்திருவேன் பாய். ஆனா அந்த வரி… கட்டுரைக்கு அடியில எழுதுறது. அதையும் சொல்லிக் கொடுக்கணுமான்னு எனக்குத் தெரியல. உங்ககிட்ட கேக்காம ஆரம்பிக்க மனசு வரல."

பாய் கல்லா பக்கம் போனார். சாப்பிட்டவர் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு, மேசையைத் துடைத்துவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படி ஒருவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க அழிக்கச் சொன்னீங்களாமே. ரப்பர்கூட எடுத்து வெச்சீங்களாமே. தேவசகாயம் சொன்னான்."

"ஆமா பாய்."

"அழிச்சிருக்கலாம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "கரண்டியால அடிச்சுச் சொன்னது நான். பக்கத்துக் கடைக் குழம்பை நம்ம குழம்புன்னு சொல்லாதேன்னு. நீங்க வேறென்னா செஞ்சீங்க, அதையே பேப்பர்ல எழுதச் சொன்னீங்க. ராத்திரி படுத்தா அந்தக் கரண்டிதான் டீச்சரம்மா கண்ணுக்கு முன்னால வருது. அன்னைக்கு அடிக்காம விட்டிருந்தா இன்னைக்கு அவன் இந்தா, இந்த அடுப்படியில நின்னுக்கிட்டிருப்பான்."

நான் அழக் கூடாது என்று தேத்தண்ணிக் கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுவதற்கு முதல் உரிமை அவருக்கு. அவர் அழவில்லை.

"அப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு வேணாமா பாய்?"

"என்கிட்ட கேக்காதீங்க" என்றார். "நான் அப்பன். அப்பன்கிட்ட கேட்டா, பொய் சொல்லு, பாத்து எழுது, எப்படியாச்சும் வீட்டுல இருன்னுதான் சொல்லுவேன். அது அவனோட எழுத்து. அவன் வந்ததும் அவன்கிட்ட கேளுங்க."

எழுந்து போய் என் கிளாசில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார். "சர்க்கரை வந்ததும் நல்லதா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றார்.

7

இரண்டு நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

மூன்று பையன்களும் மருந்தறைக்கு வந்தார்கள். எந்தக் கல்லூரிக்கும் போகாத பிள்ளைகள். அவர்கள் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய வயதில் கல்லூரி இல்லை. ஆளுக்கொரு பென்சில் துண்டு, ஒட்டுப் போட்ட சட்டை. எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். நான் எழுதிப் போட்டதை ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதினார்கள். அப்படியே விட்டுவிட்டேன். உடம்பு அசதியாக இருந்தது, மனசு அதைவிட.

வகுப்பு முடியும் நேரத்தில் தேவசகாயம் வந்து வாசலில் நின்றான். திரிங்காப்பிலிருந்து நடந்து வந்திருந்தான், செருப்பெல்லாம் சேறு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

மூன்று பேரில் கொஞ்சம் துடுக்கானவன் ஒருவன். பெரட்டில் யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு கேட்டான்.

"டீச்சர், கட்டுரைக்கு அடியில என்னமோ ஒரு வரி எழுதணுமாமே. அது எப்ப சொல்லித் தருவீங்க?"

நான் தேவசகாயத்தைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தான்.

"அது என் பாடம் இல்லப்பா" என்றேன். "அது காதரோட பாடம். அவன் வந்து சொல்லித் தருவான்."

பையன் சரியென்று தலையாட்டிவிட்டுத் தன் காகிதத்தை மடித்தான். தேவசகாயம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பின்னால் காதர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான்.